ஆறின எஞ்சின்

கைநூல் சொல்கிறது: எஞ்சின் ஆறியிருக்க வேண்டும்.
யப்பானிலிருந்து எழுதிய ஆள்
கச்சான் அடிக்கிற ஓகஸ்டில்
திருகோணமலையைக் கண்டிருக்க மாட்டான்.
இங்கே இரும்பு ஆறுவதில்லை.
பொழுதுபட்டு எவ்வளவு நேரமானாலும்
உள்ளங்கை வைத்தால்
காய்ச்சல் விட்ட பிள்ளையின் நெற்றி மாதிரி
ஒரு மிச்சச் சூடு.

ஆகவே விடியப்புறம் நாலரை.
தகரக் கதவை அரைவாசி தூக்கிவிட்டு
குண்டு பல்ப்புக்குக் கீழே
பத்திநாதனின் சிடி நூற்றிருபத்தைந்து.
மீன்பெட்டியைக் கழற்றிய பிறகும் சூரை மணக்கிறது.
உவர்மலை ஏற்றத்தில் மூச்சு வாங்குதாம்,
ஐஸ் கரைய முந்தி மேலே போய்ச் சேருதில்லையாம்.
மூடியைத் திறந்தேன்:
கேம்சாஃப்டின் ஒரு மூக்கு
சொத்தைப் பல்லாய் அரித்துக் கிடந்தது.

மாற்றுச் சாஃப்ட்
அநுராதபுரச் சந்திப் பழைய இரும்புக் கடையில் எடுத்தது.
சிங்களப் பேப்பரில் சுற்றித் தந்தான்,
லொத்தர் முடிவு வந்த பக்கம்.
ஆருடைய வண்டியில் ஓடியதோ,
எந்த மரத்தில் மோதி நின்றதோ,
மூக்குகள் மட்டும் புதுக்கருக்குக் குலையாமல்.

பழக்க தோசம்,
பழைய இடைவெளிகளை முதலில் அளந்து
லொத்தர் இலக்கங்களுக்குப் பக்கத்தில்
பென்சிலால் குறித்தேன். நாலு வால்வு, நாலு எண்.
பிறகு ரொக்கர் திருகுகள் எல்லாவற்றையும் தளர்த்தி
டைமிங் செயினைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு
(கைதவறினால் கிணற்றில் விழுந்த வாளிக்கயிறுதான்)
பழையதை உருவினேன், புதியதை இருத்தினேன்.

திரும்பிப் பார்த்தால் மான்.
பஸ் நிலையத்தடிக் கூட்டத்தில் ஒன்று.
கொம்பில் நைலோன் வலைத்துண்டு.
ஆறுதலாக மென்றுகொண்டிருக்கிறது
என் நாலு எண்களையும்
முதற்பரிசு இலக்கத்தையும்.

ஏசினேன். காதை ஒருக்கா ஆட்டியது.
ஏசி முடியத்தான் உறைத்தது,
அந்த எண்கள் கழற்றி வைத்த சாஃப்டுக்குச் சொந்தம்.
இது வேறு வட்டம், வேறு முதுகு.
இதன் இடைவெளியை
இதனிடமே கேட்க வேண்டும்.

இரவு டியூட்டி முடித்து சுகிர்தா வந்தாள்.
பெரியாஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கிறவள்.
சின்னப் பிள்ளைகளின் ஒளிந்த நரம்பைக்
கண்ணால் தேடாமல் விரலால் பிடிப்பவள்.
பையை வைத்தாள், கை கழுவினாள்.
கராஜுக்குள் வர முதல் கை கழுவுகிற ஒரே ஆள்.
ஃபீலர் கேஜை என்னிடமிருந்து வாங்கினாள்.

நான் சக்கரத்தைக் கையால் திருப்பினேன்.
ஜன்னலில் அந்த டீ எழுத்து வந்து நின்றது.
இடப்பக்கச் சிலிண்டருக்கு அது மெய்,
வலப்பக்கத்துக்குப் பொய்.
இன்னொரு முழுச்சுற்றில்
இரண்டும் இடம் மாறும்.

பூச்சியம் தசம் பூச்சியம் ஐந்து.
வெங்காயச் சருகிலும் மெல்லிய தகடு.
“போகுது, ஆனா பிடிக்குதில்ல.”
திருகை மயிரளவு இறக்கினேன்.
“இப்ப பிடிக்குது, போகுதில்ல.”
சரி வந்தது என்று நட்டை இறுக்கினால்
இடைவெளியும் கூடவே போய் இறுகும்.
எத்தனை வருசம் செய்தும்
இதை நான் மறந்துதான் போகிறேன்.
மூன்றாம் தரம் அவள் ஒன்றும் சொல்லவில்லை.
தகட்டை மெதுவாய் இழுத்தபடி
கண்ணை மூடினாள்.
அதுதான் அளவு.

இன்னும் மூன்று வால்வு.
முடிய விடிந்திருந்தது.

பத்திநாதன் வந்து ஒரே உதை.
டிக் டிக் டிக் டிக்.
“சத்தம் கேக்குதே அண்ணை,
இன்னும் கொஞ்சம் இறுக்கி விடுங்கோவன்.”
“கேக்கட்டும்.
சத்தம் போடாத வால்வுதான் கருகும்.
கேக்காத நாளில வாரும்.”

பெட்டியைக் கட்டிக்கொண்டு போனான்.
காகங்கள், பாங்கு, முதல் பஸ்ஸின் ஹோர்ன்
எல்லாவற்றுக்கும் இடையில்
உவர்மலை ஏற்றம் வரை
அந்தச் சத்தத்தை மட்டும் பிரித்தெடுத்துக் கேட்டு நின்றேன்.
எங்கேயும் மூச்சு வாங்கவில்லை.

சொல்லலாம் என்று திரும்பினேன்.
சுகிர்தா கதிரையிலேயே நித்திரை,
கை கழுவாமல்.